கால்வினிலிருந்து கஸ்தெல்லியோவுக்கு: ஓர் ஆய்வேட்டுத் தேர்வின் நிகழ்வு ஆய்வு

சமயவியல் முதுகலைப் படிப்பின் இறுதி ஆய்வேட்டுக்குச் சர்ச்சைக்குரிய வரலாற்று ஆளுமை ஒருவரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. யாரை எடுப்பது என்பதை மாணவரே முடிவுசெய்து, அதற்கான காரணத்தை முன்மொழிவாக எழுதி, நெறியாளர் உள்ளிட்ட குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். இங்கே விவரிக்கப்படுவது என் நெறிகாட்டுதலில் இருந்த ஒரு மாணவியின் தேர்வு. அவர் முதலில் கொண்டுவந்த பெயர், ஜெனீவா நகரத்துச் சீர்திருத்தத் திருச்சபையை வழிநடத்திய ஜான் கால்வின் (1509–1564). ஒப்புதல் பெற்ற முன்மொழிவில் இருந்த பெயர், அவரை எதிர்த்து எழுதிய அறிஞர் செபாஸ்டியன் கஸ்தெல்லியோ (1515–1563). மைக்கேல் செர்வீட்டஸ் என்பவர் எரிக்கப்பட்ட ஒரே வழக்கைப் பற்றி இருவரும் எதிரெதிராக நின்றவர்கள் என்பதால் இதை வெறும் பெயர் மாற்றமாகப் பார்க்கத் தோன்றலாம். சர்ச்சைக்குரிய ஒருவரை வைத்து எந்தக் கேள்விக்கு விடை தேட முடியும், எதற்கு முடியாது என்பது இந்த மாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் வெளிப்பட்டதால்தான் இதை விரிவாகப் பதிவுசெய்கிறேன்.

முதல் முன்மொழிவு

மாணவி சீர்திருத்தத் திருச்சபை மரபில் வளர்ந்தவர். கால்வினைப் பற்றி இரண்டு கதைகளைக் கேட்டிருந்தார். ஒன்று, வேதத்தை மக்கள் கையில் கொடுத்து, ஜெனீவா நகரத்தை ஒழுங்குபடுத்திய பேராசானின் கதை. மற்றொன்று, தன்னோடு மாறுபட்ட ஒரு மருத்துவரை உயிரோடு எரிக்கச் செய்த கொடுங்கோலரின் கதை. இரண்டில் எது உண்மை என்று தெரிந்துகொள்ளும் ஆவலே அவரை இந்தத் தலைப்புக்கு இழுத்தது. முன்மொழிவின் தலைப்பு, 'செர்வீட்டஸின் மரணத்துக்குக் கால்வின் பொறுப்பாளியா?' என்பது.

நிகழ்வின் சுருக்கம் இது. அரகோன் நாட்டில் பிறந்த மைக்கேல் செர்வீட்டஸ், தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாடு வேதத்துக்கு ஒவ்வாதது என்று வாதிட்டு 1531-இல் ஒரு நூலை வெளியிட்டார். அதன் விளைவாகப் பெயரை மாற்றிக்கொண்டு பிரான்சில் வாழ்ந்தார். மருத்துவம் கற்று, வியென் நகரத்தில் பேராயரின் மருத்துவராகவும் இருந்தார். கால்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அந்தத் தொடர்பு கசப்பில் முடிந்தது. 1546 பிப்ரவரி 13 அன்று தன் நண்பர் ஃபரேலுக்கு எழுதிய கடிதத்தில், செர்வீட்டஸ் ஜெனீவாவுக்கு வந்தால், தன் சொல்லுக்கு மதிப்பிருக்கும் வரை அவரை உயிரோடு திரும்ப விடப் போவதில்லை என்று கால்வின் குறிப்பிட்டார். 1553-இன் தொடக்கத்தில் செர்வீட்டஸ் தம் பெரிய நூலை இரகசியமாக அச்சிட்டார். ஜெனீவாவில் வாழ்ந்த கீயோம் த திரி என்பவர் லியோன் நகரத்திலிருந்த தம் உறவினருக்கு எழுதிய கடிதங்கள் வழியாக, வியெனில் மதிப்போடு வாழும் மருத்துவர் யார் என்பது கத்தோலிக்க விசாரணையாளர்களுக்குத் தெரிந்தது. ஏப்ரல் 4 அன்று கைதான செர்வீட்டஸ் மூன்று நாட்களில் சிறையிலிருந்து தப்பினார். ஜூன் 17 அன்று வியெனில் அவருடைய உருவப்பொம்மை எரிக்கப்பட்டது. ஆகஸ்ட் 13 அன்று ஜெனீவாவில் அவர் அடையாளம் காணப்பட்டுப் பிடிபட்டார். அக்டோபர் 27 அன்று நகரத்துக்கு வெளியே ஷாம்ப்பெல் என்னுமிடத்தில் எரிக்கப்பட்டார்.

முன்மொழிவு இவ்வளவையும் சரியாகவே சொல்லியிருந்தது. ஆயினும் குழு அதைத் திருப்பி அனுப்பியது. அந்த முடிவில் எனக்கும் உடன்பாடே.

திருப்பி அனுப்பப்பட்டதன் காரணம்

'பொறுப்பாளியா?' என்ற கேள்வி தீர்ப்பைக் கேட்கிறது. தீர்ப்புக்குத் தேவையான சான்றுகள் ஏற்கெனவே பலமுறை அச்சேறி, பலமுறை அலசப்பட்டுவிட்டன. வழக்கைத் தொடுத்தவர் கால்வினின் செயலர் நிக்கொலா த லா ஃபோன்டேன். குற்றம் சாட்டுபவரும் குற்றம் சாட்டப்பட்டவரோடு சிறையில் இருக்க வேண்டும் என்பது அந்நகரத்து நடைமுறை. அதன்படி செயலர் சிறைக்குச் சென்றார். குற்றச்சாட்டுகளை வரைந்ததும் விசாரணையில் இறையியல் வாதத்தை நடத்தியதும் கால்வின். இன்னொரு பக்கம், தண்டனை விதித்தது நகர மன்றம். அப்போது கால்வின் ஜெனீவாவின் குடிமகன்கூட அல்லர். குடியுரிமை அவருக்கு 1559-இல்தான் கிடைத்தது. அதே வாரங்களில், சபை நீக்கம் செய்யும் அதிகாரம் போதகர்களுக்கா மன்றத்துக்கா என்பதில் மன்றத்தின் ஒரு பிரிவினரோடு அவர் கடுமையாக மோதிக்கொண்டிருந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் ஃபிலிபெர் பெர்த்தெலியே என்பவருக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தது அந்த மோதலின் உச்சம். எரிப்பதற்குப் பதிலாகத் தலையை வெட்டும் தண்டனை தரலாம் என்று கால்வின் கேட்டதும், மன்றம் மறுத்ததும் பதிவாகியிருக்கின்றன.

இவற்றை எப்படி வரிசைப்படுத்தினாலும் விடை ஒன்றுதான்: அவருக்குப் பங்கு உண்டு, முழுப் பங்கு அல்ல. இதைச் சொல்ல எண்பது பக்க ஆய்வேடு தேவையில்லை. அதைவிட முக்கியமாக, அந்த விடையில் சமயவியலுக்கு உரியது எதுவும் இல்லை. ஒருவரின் மனச்சாட்சிக் கணக்கை நேர்செய்வது வரலாற்று வழக்கறிஞரின் வேலையாக இருக்கலாம். சமயவியல் மாணவர் கேட்க வேண்டியது, ஒரு சமயக் குழு எந்த நூலை, எந்த அதிகாரத்தை, எந்த வாசிப்பைக் கொண்டு இப்படியொரு செயலை நியாயப்படுத்தியது, அதற்கு உள்ளிருந்தே எழுந்த மறுப்பு எதன்மேல் நின்றது என்பது போன்ற கேள்விகளையே.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மாணவி கேட்டிருந்த 'கொடுங்கோலர்' கதை 16-ஆம் நூற்றாண்டின் கதையாக இருக்கவில்லை. அதில் பெரும்பகுதி பின்னால் சேர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வால்டேர் இந்த நிகழ்வைத் திரும்பத் திரும்ப எழுப்பினார். வரலாற்றாசிரியர் கிப்பன், பெரும் கூட்டக் கொலைகளைவிட இந்த ஒற்றை மரணமே தம்மை அதிகம் உறுத்துகிறது என்ற பொருள்பட அடிக்குறிப்பு எழுதினார். 1936-இல், சர்வாதிகாரம் ஐரோப்பாவைச் சூழ்ந்திருந்த வேளையில், எழுத்தாளர் ஸ்டீஃபான் ஸ்வைக் கால்வினையும் கஸ்தெல்லியோவையும் எதிரெதிரே நிறுத்தி எழுதிய நூல், ஜெனீவாவில் தம் காலத்துச் சர்வாதிகாரிகளின் முகத்தைக் கண்டது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயத் தக்கவை. ஆனால் இவற்றில் படித்த உணர்ச்சியை 1553-க்குக் கொண்டுபோய், அது அன்றைய சர்ச்சை என்று எண்ணிவிடுவது எளிதில் நேரும். மாணவியின் முன்மொழிவில் அது நேர்ந்திருந்தது. செர்வீட்டஸ் நுரையீரல் வழியான இரத்த ஓட்டத்தை விவரித்தவர் என்பதால், அவரது மரணம் அறிவியலுக்கும் சமயத்துக்குமான மோதல் என்று ஒரு பத்தி எழுதியிருந்தார். அந்த விவரிப்பு 1553-ஆம் ஆண்டு நூலில் இருப்பது உண்மை. தூய ஆவியைப் பற்றிய இறையியல் வாதத்தின் நடுவே அது வருகிறது. ஆனால் விசாரணையில் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. தீர்ப்பில் நின்ற குற்றங்கள் இரண்டு: திரித்துவத்தை மறுத்தது, குழந்தைத் திருமுழுக்கை மறுத்தது.

பரிசீலித்து விலக்கிய பெயர்கள்

குழு திருப்பி அனுப்பியதும், வேறு ஆளைப் பார்ப்பதே மேல் என்று மாணவிக்குத் தோன்றியது. சில பெயர்களை எடுத்துப் பார்த்தோம். அவற்றை விலக்கிய காரணங்கள் பின்னால் உதவின.

அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில், பெண் தத்துவ அறிஞர் ஹைப்பேஷியாவின் கொலையோடு (415) இணைத்துப் பேசப்படுபவர். அந்தக் கொலையைப் பற்றிய பழைய சான்றுகள் மிகச் சில. அந்தத் தலைமுறையிலேயே எழுதிய சாக்ரட்டீஸ் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர், நூறாண்டு கழித்து எழுதிய டமாஸ்கியஸ், இன்னும் பிந்திய நிக்கியு ஜான் ஆகியோரின் சில பக்கங்களைத் தாண்டிப் போக வழியில்லை. ஹைப்பேஷியாவின் சொந்தக் குரலோ முற்றாக அழிந்துவிட்டது. கிடைக்கும் சில பக்கங்களை இதற்கு முன்பே எண்ணற்றோர் பிழிந்தெடுத்துவிட்டனர்.

பாக்தாதில் 922-இல் கொல்லப்பட்ட சூஃபி மறைஞானி ஹல்லாஜ் கவர்ச்சியான தேர்வு. மாணவிக்கு அரபு தெரியாது. மொழிபெயர்ப்புகளை மட்டும் நம்பி மறைஞானச் சொற்களுக்கு விளக்கம் எழுதுவதை நான் ஊக்குவிப்பதில்லை. இதே தடை, இன்னும் பலமடங்காக, சப்பத்தாய் செவியிடம் இருந்தது. 1665-இல் யூதர்களின் மெசியாவாக (மீட்பராக) அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே சுல்தானின் முன்னிலையில் இசுலாத்தைத் தழுவிய அவரை ஆராய எபிரேயமும் ஒட்டோமான் துருக்கியும் தெரிந்திருந்தால் நல்லது.

பிளாரன்சில் 1498-இல் தூக்கிலிட்டு எரிக்கப்பட்ட துறவி சவொனரோலாவிடம்தான் அதிக நேரம் செலவிட்டோம். மறையுரைகள், கடிதங்கள், எதிரிகளின் குறிப்புகள் எல்லாம் மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆனால் அவருடைய வாக்குமூலங்கள் சித்திரவதையில் பெறப்பட்டவை. எழுத்தர் அவற்றைத் திருத்தினார் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. சான்று மிகுதியாக இருப்பதாலேயே அதை நம்பிவிட முடியாது என்பதை மாணவி இங்கேதான் கண்டுகொண்டார். சித்திரவதைக்குப் பின் எழுதப்பட்ட வாக்குமூலத்தைக் கையாள்வதே தனியொரு பயிற்சி. முதல் ஆய்வேட்டுக்கு அது பெரிய சுமை.

இந்தச் சுற்று முடிந்தபோது, ஜெனீவா வழக்கின் அருமை வேறொரு கோணத்தில் தெரிந்தது.

யார் எழுதி வைத்தார்கள்?

சர்ச்சைக்குரியவர்களைத் தேர்வதில் நான் முதலில் கேட்பது, தோற்றவரின் கையெழுத்தில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்பதுதான். பெரும்பாலும் மிஞ்சியிருக்காது. தப்பறையாளர் (திருச்சபையின் கோட்பாட்டுக்கு மாறானதைப் போதிப்பவர்) என்று முத்திரை குத்தப்பட்டவர்களை, அவர்களை மறுக்க எழுதியவர்களின் மேற்கோள்கள் வழியாகவே அறிகிறோம். அந்த மேற்கோள்கள் எவ்வளவு நேர்மையானவை என்று சரிபார்க்க வழியில்லாமல் போகிறது.

1553-ஆம் ஆண்டு வழக்கில் நிலைமை வேறு. ஜெனீவா விசாரணையின் கேள்விகளும் விடைகளும் பதிவாகி, 19-ஆம் நூற்றாண்டில் வெளிவந்த கால்வின் தொகுப்பின் எட்டாம் தொகுதியில் அச்சேறியிருக்கின்றன. செர்வீட்டஸ் சிறையிலிருந்து மன்றத்துக்கு எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன. ஒன்றில் பேன் தன்னை உயிரோடு தின்கிறது, உடுக்கத் துணியில்லை என்று முறையிடுகிறார். அடுத்ததில், பொய்க் குற்றம் சாட்டிய கால்வினையும் சிறையில் அடைத்து விசாரிக்க வேண்டும் என்று கேட்கிறார். அவருடைய 1553-ஆம் ஆண்டு நூலின் படிகள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோயின. வியன்னா, பாரிஸ், எடின்பரோ ஆகிய இடங்களில் மூன்று படிகள் தப்பியுள்ளன. சூரிச், பெர்ன், பாசெல், ஷாஃப்ஹவுசன் ஆகிய நான்கு நகரத் திருச்சபைகளின் கருத்தை ஜெனீவா மன்றம் கேட்டது; அவற்றின் விடைகளும் உள்ளன. நான்கும் செர்வீட்டஸைக் கண்டித்தன. தண்டனையின் வகையைப் பொதுவாக மன்றத்தின் பொறுப்பிலேயே விட்டன.

அதன் பிறகு நடந்ததே ஆய்வேட்டின் திசையை மாற்றியது. 1554 பிப்ரவரியில் கால்வின், தப்பறையாளரைத் தண்டிப்பது ஆட்சியாளரின் கடமை என்று நிலைநாட்டும் நூலை லத்தீனிலும் பிரெஞ்சிலும் வெளியிட்டார். அடுத்த மாதமே பாசெலில், மார்ட்டின் பெல்லியஸ் என்ற புனைபெயரில், அச்சிட்ட ஊராக மக்டபர்க் என்று பொய்யாகக் குறித்து, ஒரு தொகைநூல் வந்தது. தப்பறையாளரைத் துன்புறுத்தலாமா என்ற கேள்விக்கு, சபைப் பிதாக்கள் முதல் லூத்தர், எராஸ்மஸ், பிரென்ஸ் வரை பலர் எழுதியவற்றிலிருந்து எடுத்த பகுதிகளே அதன் உடல். கால்வினே 1536-இல் எழுதிய மென்மையான வரிகளும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. தொகுத்தவர்களில் தலைமையானவர் பாசெலில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த கஸ்தெல்லியோ. அவருக்கு அதே ஆண்டில் கால்வின் தரப்பிலிருந்து மறுப்பு எழுதிய தியோடோர் பேஸாவும் அப்போது லொசான் நகரத்தில் கிரேக்கமே கற்பித்துக்கொண்டிருந்தார் என்பது இந்த வழக்கின் சுவையான ஓரக்குறிப்புகளில் ஒன்று.

ஆக, ஓராண்டுக்குள், ஒரே நிகழ்வைப் பற்றி, ஒரே வேதத்தை நம்புகிற, ஒரே கல்வி மரபில் பயின்ற மூவர் எழுதிய மூன்று நூல்கள். கொல்லப்பட்டவருக்காகப் பேசியவரும் திரித்துவத்தை மறுத்தவர் அல்லர். செர்வீட்டஸின் இறையியலுக்கு அந்தத் தொகைநூல் வக்காலத்து வாங்கவில்லை. கோட்பாட்டில் வேறுபாடு என்ற தூசு அடங்கி, தண்டனை என்ற ஒரே கேள்வி தனித்து நிற்கிறது. ஆய்வாளருக்கு இப்படிப்பட்ட வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை.

'அக்காலத்தின் பிழை'

கஸ்தெல்லியோவை நோக்கி மாணவியைத் திருப்பியது ஒரு கல்வெட்டு. 1903-இல், மரணத்தின் 350-ஆம் ஆண்டில், கால்வினின் வழிவந்தவர்களே ஷாம்ப்பெலில் ஒரு நினைவுக்கல்லை நிறுவினர். தம்மைக் கால்வினின் நன்றியுள்ள பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு, நடந்ததைப் பிழை என்று கண்டித்து, அது அவருடைய நூற்றாண்டின் பிழை என்று அதில் பொறித்தனர். மனம் வருந்தி எழுதப்பட்ட வரி என்பதில் ஐயமில்லை. மாணவியும் தம் முதல் முன்மொழிவில் ஏறக்குறைய இதே வாதத்தை வைத்திருந்தார்: அன்று எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், எனவே இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது.

சர்ச்சைக்குரிய எவரைப் பற்றிய ஆய்விலும் இந்த வாதம் வந்தே தீரும். இதை ஏற்பதோ மறுப்பதோ இன்றைய நம் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்க வேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கலாம். அக்காலத்தில் வாழ்ந்த, அதே நூல்களைப் படித்த ஒருவர் வேறுவிதமாக நினைத்தாரா என்று பார்த்தால் போதும். நினைத்தார் என்றால், அந்த மாற்று நினைப்பு அன்று எவருக்கும் எட்டாததாக இருக்கவில்லை. மறுபுறம், லூத்தரின் தோழர் மெலாங்தனைப் போன்ற சாந்தமானவர்கள்கூட ஜெனீவாவின் செயலை எழுத்தில் பாராட்டினார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெரும்பான்மை எந்தப் பக்கம் இருந்தது என்பதில் ஐயம் இல்லை. சிறுபான்மை எதைக் கொண்டு பேசியது, பெரும்பான்மை அதற்கு எப்படி விடை சொன்னது என்பதே திறந்திருக்கும் கேள்வி. அதற்குக் கால்வினை மட்டும் படித்தால் விடை கிடைக்காது. செர்வீட்டஸை மட்டும் படித்தாலும் கிடைக்காது.

கேள்வியைச் சுருக்கியது

கஸ்தெல்லியோ என்ற பெயர் முடிவானதும் மாணவி எழுதிய தலைப்பு, 'சமயச் சகிப்புத்தன்மையின் தந்தை'. ஒரு நாயகனை இறக்கிவிட்டு இன்னொரு நாயகனை ஏற்றிய தலைப்பு அது. அதன்கீழ் அவர் முகப்பு வாசகமாக வைத்திருந்த புகழ்பெற்ற வாக்கியம், "ஒரு மனிதனைக் கொல்வது ஒரு கோட்பாட்டைக் காப்பதாகாது, அது ஒரு மனிதனைக் கொல்வதே" என்பது. வாக்கியம் கஸ்தெல்லியோவுடையதுதான். ஆனால் அது இருக்கும் நூல், கால்வினின் 1554-ஆம் ஆண்டு நூலுக்கு அவர் எழுதிய நேரடி மறுப்பு. அது அச்சேறியது 1612-இல், ஒல்லாந்தில், அவர் இறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின். 1554-இல் பொதுவெளியில் நடந்த விவாதத்துக்கு இந்த வாக்கியத்தைச் சான்றாகக் காட்டினால், அன்றைய வாசகர் எவரும் அச்சில் படித்திராத ஒன்றை அவர்கள் படித்ததாகச் சொன்னதாகிவிடும். இணையத்தில் இந்த வாக்கியம் கால்வினின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது போலச் சுற்றிவருகிறது. முகப்பிலிருந்து அது நீக்கப்பட்டு, 1612-இல் ஒல்லாந்துச் சீர்திருத்தச் சபைக்குள் வேறொரு சர்ச்சை மூண்டிருந்தபோது அது ஏன் அச்சுக்கு வந்தது என்ற சிறு பகுதிக்கு மாற்றப்பட்டது.

இதற்குப் பிறகு கேள்வி விரைவாகக் குறுகியது. மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் வரும் களைகளின் உவமையை மூன்று நூல்களும் கையாள்கின்றன. நல்ல விதை விதைத்த வயலில் பகைவன் களைகளை விதைக்கிறான். அவற்றைப் பிடுங்கிவிடலாமா என்று வேலைக்காரர்கள் கேட்க, கோதுமையும் சேர்ந்து வேரோடு வந்துவிடும், அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்கிறார் வீட்டுத்தலைவர். தொகைநூலில் இந்த உவமை மீண்டும் மீண்டும் வருகிறது: யார் களை என்று முடிவுசெய்யும் தகுதி மனிதருக்கு இல்லை, அறுவடை கடவுளுடையது என்பது அதன் அடிநாதம். கால்வின் தரப்பின் விடையும் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. உவமையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் கொலைகாரரையும் திருடரையும்கூட அறுவடைவரை விட்டுவைக்க வேண்டியிருக்கும். ஆட்சியாளர் கையிலிருக்கும் வாளும் சபையின் ஒழுங்கும் பொருளற்றுப் போகும். ஆகவே உவமை பொறுமையைக் கற்பிக்கிறதே தவிர, தண்டனையைத் தடைசெய்யவில்லை என்பது அந்த விடை. இதோடு, வேறு தெய்வங்களிடம் இழுப்பவரைக் கொல்லச் சொல்லும் உபாகமம் 13-ஆம் அதிகாரத்தின் கட்டளையும் சேர்க்கப்படுகிறது. இரு தரப்பும் பழைய திருச்சபை ஆசான் அகுஸ்தீனைத் துணைக்கு அழைக்கின்றன. தொடக்கத்தில் வற்புறுத்தலை விரும்பாதவராகவும், தொனாட்டியர் என்ற பிரிந்துபோன சபையினரோடு ஏற்பட்ட நீண்ட மோதலுக்குப் பின் அதை ஆதரிப்பவராகவும் மாறிய அகுஸ்தீன், இரண்டு பக்கத்துக்கும் உதவினார்.

ஒப்புதல் பெற்ற கேள்வி இதுதான்: 1554-இல் வெளிவந்த மூன்று நூல்களில், களைகளின் உவமைக்கு எந்தெந்த விளக்கங்கள் தரப்பட்டன, ஒவ்வொரு தரப்பும் எந்த முன்னோரை எந்த இடத்தில் வெட்டி எடுத்துக் காட்டியது? விடை கிடைக்கக்கூடிய கேள்வி. விடை முன்கூட்டியே தெரியாத கேள்வியும்கூட.

குழுவின் இரண்டாம் சுற்று ஐயங்கள்

குழு உறுப்பினர் ஒருவர், கஸ்தெல்லியோ 'சர்ச்சைக்குரியவர்' என்ற விதிக்குள் வருவாரா என்று கேட்டார். இன்று அவரைப் போற்றுவோரே அதிகம், எதிர்ப்போர் இல்லை, எனவே விதியின் நோக்கம் நிறைவேறாது என்பது அவருடைய வாதம். சர்ச்சை என்பதை இன்றைய செய்தித்தாளை வைத்து அளந்தால் அது சரி. தம் காலத்தில் கஸ்தெல்லியோ இருந்த இடம் வேறு. ஜெனீவாவில் பள்ளித் தலைவராக இருந்த அவர், பழைய ஏற்பாட்டின் காதல் கவிதையான உன்னதப்பாட்டு வேதத்தில் இடம்பெறத் தக்கதா என்பது உள்ளிட்ட கருத்து வேறுபாடுகளால் போதகர் பணி மறுக்கப்பட்டு, வறுமையோடு பாசெலுக்குச் சென்றவர். 1563 டிசம்பரில் அவர் இறந்தபோது, அங்கேயும் அவர்மீது குற்றச்சாட்டுகள் விசாரணையில் இருந்தன. கால்வினோடு அவருக்குப் பழைய மனக்கசப்பு இருந்ததும் இந்த வரலாற்றிலிருந்து தெரிகிறது. மாணவி அவரை நடுநிலையாளராகக் காட்டிவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான எச்சரிக்கை.

அவருடைய சகிப்புத்தன்மைக்கு எல்லை இருந்தது என்பதும் குழுவில் பேசப்பட்டது. வேதத்தை வேறுவிதமாகப் படிப்பவருக்காக அவர் பேசினார். கடவுளையே மறுப்பவருக்கு அதே பொறுமை உண்டா என்ற இடத்தில், இன்றைய வாசகர் எதிர்பார்க்கும் தூரம் அவர் போகவில்லை. தொகைநூலில் வேறு புனைபெயர்களில் உள்ள சில பகுதிகள் யாருடையவை என்பதில் ஆய்வாளர்கள் ஒருமனப்படவில்லை என்பதால், 'கஸ்தெல்லியோ சொல்கிறார்' என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும் அது பெல்லியஸின் முன்னுரையா, வேறொருவர் பெயரில் வரும் பகுதியா என்று குறிக்க வேண்டும் என்றும் முடிவானது.

மாணவியின் சொந்தச் சபைப் பின்னணியைப் பற்றியும் கேள்வி எழுந்தது. உள்ளிருப்பவர் கால்வினைக் காப்பாற்றப் பார்ப்பார் என்ற ஐயம் இயல்பானது. நான் அதைத் தடையாகக் கருதவில்லை. உவமையைப் பற்றிய கால்வினின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைக்க, அந்த மரபின் பேச்சு காதில் விழுந்து வளர்ந்தவருக்கே எளிது. நான் அஞ்சியது இதற்கு நேர்மாறானதை: தம் சபைமேல் பழி விழுமோ என்ற கூச்சத்தால், அவர் கால்வினைத் தேவைக்கு மேல் கடிந்துகொள்ளக்கூடும் என்பதை. முதல் அத்தியாயத்தின் வரைவில் அப்படிச் சில இடங்கள் இருக்கவும் செய்தன. எதிர்த் தரப்பு வாதத்தை, அந்தத் தரப்பைச் சேர்ந்த ஒருவர் படித்தால் 'ஆம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதியிருக்கிறாரா என்பதையே வரைவுகளைத் திருத்தும்போது அளவுகோலாக வைத்தேன். இன்றும் வாழ்கிற ஒரு சமயக் குழுவின் முன்னோரைப் பற்றி எழுதும்போது மரியாதை என்று நான் கேட்பது இவ்வளவுதான், புகழ்ச்சியை அல்ல.

மொழிச் சிக்கலும் தீர்க்கத் தக்க அளவில் இருந்தது. மாணவிக்குப் பிரெஞ்சு தெரியும், லத்தீன் தொடக்க நிலையில் இருந்தது. கால்வினின் நூலுக்கும் தொகைநூலுக்கும் 1554-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு வடிவங்கள் இருப்பதால், லத்தீன் பகுதியைப் படிக்கும்போது பக்கத்தில் அந்தக் காலத்து மொழிபெயர்ப்பையே வைத்துக்கொள்ள முடிந்தது. பேஸாவின் நூலில் உவமையைப் பற்றிய பக்கங்களை மட்டும் முழுமையாக லத்தீனில் படிப்பது என்று எல்லை வகுத்துக்கொண்டோம்.

முன்மொழிவின் இறுதி வடிவம்

ஏற்கப்பட்ட முன்மொழிவில் நான்கு அத்தியாயங்கள். வழக்கின் நிகழ்வுகளுக்கு முதல் அத்தியாயத்தில் பத்துப் பக்கத்துக்கு மேல் இடமில்லை. இரண்டாம் அத்தியாயம் தொகைநூல் முன்னோரைத் தேர்ந்த முறையை ஆராய்கிறது. குறிப்பாக, லூத்தர் 1523-இல் ஆட்சியாளரின் அதிகார எல்லையைப் பற்றி எழுதியதிலிருந்து எடுத்த பகுதிகளையும், பின்னால் அவர் கடுமையாக மாறிய காலத்து எழுத்துகள் விடுபட்டதையும். மூன்றாம் அத்தியாயம் கால்வினுக்கும் பேஸாவுக்கும் உரியது. அகுஸ்தீனை இரு தரப்பும் பயன்படுத்திய விதத்துக்கு நான்காம் அத்தியாயம் ஒதுக்கப்பட்டது. வால்டேர், கிப்பன், ஸ்வைக் ஆகியோரும் 1903-ஆம் ஆண்டு நினைவுக்கல்லும் முன்னுரையில் மட்டும், இந்த நிகழ்வு எந்தெந்தக் கண்ணாடிகள் வழியாக நம்மிடம் வந்தது என்று காட்டும் அளவுக்கு இடம்பெற்றார்கள்.

'கால்வின் பொறுப்பாளியா?' என்ற பழைய கேள்வியை முற்றிலும் விட்டுவிட மாணவிக்கு மனம் வரவில்லை, குழுவும் வற்புறுத்தவில்லை. 1546 பிப்ரவரி முதல் 1553 அக்டோபர் வரையிலான நிகழ்வுகளை, ஒவ்வொன்றுக்கும் யாருடைய எழுத்து சான்று என்ற குறிப்போடு, பின்னிணைப்பாகத் தர அனுமதி கிடைத்தது. அதில் த திரியின் கடிதங்களைப் பற்றிய வரிசை மட்டும் நீண்டது. விசாரணையாளர்களுக்கு அனுப்பச் சான்றாகச் செர்வீட்டஸின் கடிதங்களைக் கால்வின் த திரியிடம் தயங்கித் தயங்கியே கொடுத்தார் என்ற செய்தி நமக்குத் த திரியின் வாய்வழியாகவே கிடைக்கிறது. அந்தத் தயக்கம் உண்மையா, உறவினருக்காகச் சொன்ன நாகரிகமா என்பதைச் சான்று முடிவுசெய்ய விடவில்லை. அந்த வரிசையில் 'பொறுப்பு' என்ற கட்டத்தை மாணவி நிரப்பாமல் விட்டார். குழு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.